எந்த ஊர்க் கோப்பை?



தீபாவளி நெருங்கிவிட்டால் எனக்கு வரும் கடிதங்களில் பாதி கேக்கைப் பற்றித்தான். இம்முறை புக்கிட் பாத்தோக்கிலிருந்து வந்த ஒன்றை எடுத்துக்கொள்கிறேன். எழுதியவர் ஜொகூர்த் தோட்டமொன்றில் பிறந்து, மணமாகிச் சிங்கப்பூர் சென்றவர். அடுக்குமாடி வீட்டில் இருந்தபடியே பண்டிகைக்குக் கேக் செய்து விற்று, அந்தப் பணத்தில் தோட்டத்திலிருக்கும் பெற்றோருக்குப் புதுத்துணி அனுப்புகிறவர். அமெரிக்கக் குறிப்பு ஒன்றைப் பார்த்து வெண்ணெய் கேக் செய்தாராம். இரண்டு தடவையும் நெய் வழிந்து, நடுவில் குழி விழுந்துவிட்டது. "என் கைராசிதான் சரியில்லையோ?" என்று கேட்கிறார்.

கைராசிக்கு ஒன்றுமில்லை, சகோதரி. உங்கள் குறிப்பில் 'இரண்டு ஸ்டிக் வெண்ணெய்' என்றிருக்கிறது. நீங்கள் 250 கிராம் கட்டிகள் இரண்டைப் போட்டதாக எழுதியிருக்கிறீர்கள். அமெரிக்காவில் ஒரு ஸ்டிக் என்பது கால் பவுண்டு, அதாவது 113 கிராம். இரண்டும் சேர்ந்து 227 கிராம்தான். ஒரு கட்டிகூட முழுசாகத் தேவையில்லை! வெண்ணெய் விற்கிற விலையில், அடுப்பை மூட்டுமுன் இதைத் தெரிந்துகொள்வது நல்லதல்லவா?

ஆகவே குறிப்பைப் படிக்கத் தொடங்குமுன், அது எந்த நாட்டுக் குறிப்பு என்று பாருங்கள். அமெரிக்கக் கோப்பை ஏறக்குறைய 240 மில்லிலிட்டர். ஆஸ்திரேலியக் கோப்பை 250. இது சிறிய வித்தியாசம். மேசைக்கரண்டிதான் ஏமாற்றும். அமெரிக்காவில் அது 15 மில்லிலிட்டர், ஆஸ்திரேலியாவில் 20. பழைய ஆங்கிலேயப் புத்தகங்கள் அவுன்ஸில் பேசும். ஒரு அவுன்ஸ் 28 கிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நம் பாட்டிமார் குறிப்பில் காத்தியும் தாயிலும் வரும். சிங்கப்பூரில் 1970-இல் மெட்ரிக் வாரியம் அமைந்தது, மலேசியாவில் 1972-இல் சட்டம் வந்தது. ஆனாலும் பழைய நோட்டுப்புத்தகங்கள் மாறவில்லையே! ஒரு காத்தி ஏறக்குறைய 605 கிராம். அதில் பதினாறில் ஒரு பங்கு ஒரு தாயில், சுமார் 38 கிராம்.

மாவைக் கோப்பையால் அளப்பதை நான் நம்புவதில்லை. கரண்டியால் மெல்லப் போட்டு மேலே வழித்தால் ஒரு கோப்பை 120 கிராம் வரும். அதே கோப்பையை மாவுக்குள் அழுத்தி அள்ளினால் 150 கிராமும் ஏறும். மூன்று கோப்பைக்கு எவ்வளவு கூடிவிடும், பாருங்கள். ஒரு சிறு தராசு வாங்கிவிடுங்கள்.

பெயர்களிலும் குழப்பம் உண்டு. நம் பக்கத்தில் 'கோதுமை மாவு' என்றால் வெள்ளை மாவு. தமிழ்நாட்டுப் பத்திரிகையில் அதே சொல் ஆட்டா மாவைக் குறிக்கும். வெள்ளை மாவை அவர்கள் மைதா என்பார்கள். இலங்கைக் குறிப்பில் 'கோதுமை மா' மறுபடியும் வெள்ளை மாவுதான்! ஆங்கிலேயர் 'கார்ன் பிளவர்' என்பதை அமெரிக்கர் 'கார்ன் ஸ்டார்ச்' என்பர். அமெரிக்கக் குறிப்பில் 'கார்ன் பிளவர்' என்று வந்தால் அது மக்காச்சோளத்தை நைசாக அரைத்த மாவு. நம் கடையின் வெள்ளைப் பொடி அல்ல.

ஆப்பச்சோடாவும் பேக்கிங் பவுடரும் ஒன்றல்ல. 'பேக்கிங் சோடா' என்பதுதான் நம் ஆப்பச்சோடா. அது வேலை செய்யத் தயிர், எலுமிச்சைச் சாறு போன்ற புளிப்பு வேண்டும். பேக்கிங் பவுடரில் புளிப்பும் சேர்ந்தே இருக்கும். சோடாவின் வேகம் பவுடரைப் போல் மூன்று நான்கு மடங்கு. பவுடருக்குப் பதிலாக அதே அளவு சோடா போட்டால் சோப்பு வாடை வரும்.

இனி ஓவன் சூடு. அமெரிக்கக் குறிப்பில் 350 என்றால் பாரன்ஹீட். நம் மேசை ஓவன்களில் பெரும்பாலும் செல்சியஸ் எண்தான் இருக்கும். 32-ஐக் கழித்து, 5-ஆல் பெருக்கி, 9-ஆல் வகுத்தால் 177 வரும், 180-இல் வையுங்கள். உள்ளே விசிறி சுழலும் ஓவன் என்றால் 160 போதும்.

உங்கள் குறிப்பு, 1, 2, 3, 4 என்று அமெரிக்கப் பெண்கள் மனப்பாடமாகச் சொல்லும் பழைய கேக்தான்: ஒரு கோப்பை வெண்ணெய், இரண்டு சர்க்கரை, மூன்று மாவு, நான்கு முட்டை. முதலில் பாதி அளவு செய்து பாருங்கள். வெண்ணெய் 113 கிராம், சர்க்கரை 200 கிராம், வெள்ளை மாவு 180 கிராம், முட்டை 2, பால் 120 மில்லிலிட்டர், பேக்கிங் பவுடர் ஒன்றரைத் தேக்கரண்டி, உப்பு ஒரு சிட்டிகை. எட்டு அங்குல வட்டத் தட்டில் ஊற்றி வேகவையுங்கள். முப்பத்தைந்து நிமிடம் கழித்து ஓர் ஈர்க்குச்சியால் குத்திப் பாருங்கள். மாவு ஒட்டினால் இன்னும் ஐந்து நிமிடம்.