ஜால்ராவுக்கு அஞ்சிய யந்திரம்

கேட்பதற்குச் சிறியதாயிருந்து, பதில் சொல்லப் புகுந்தால் ஒரு மாத காலத்தை விழுங்கிவிடும் கேள்விகள் சில உண்டு. அப்படிப்பட்ட கேள்வி ஒன்றைச் சமீபத்தில் என் பழைய கணக்கு வாத்தியார் என்னிடம் கேட்டார்.

அவர் ஓய்வு பெற்று ஆறு வருஷம் ஆகிறது. செஞ்சியில், மொட்டை மாடியில் நின்றால் ராஜகிரியின் உச்சி கண்ணுக்கு நேரே தெரிகிற வீடு அவருடையது. நாகஸ்வரம் என்றால் அவருக்கு உயிர். வெளி தேசத்தில் வேலை பார்க்கும் அவருடைய பிள்ளை, ஜாகை மாற்றும்போது, தன்னிடமிருந்த எலெக்ட்ரோஸ்டாடிக் ஸ்பீக்கர் ஜோடி ஒன்றைத் தகப்பனாருக்குக் கப்பலில் அனுப்பி வைத்தான். ஆள் உயரம், பலகைபோல் தட்டை, அடியில் மட்டும் ஒரு பெட்டி. கூடத்தில் டெலிவிஷனுக்கு இரு பக்கமும் துவாரபாலகர்களைப்போல் அவற்றை நிறுத்தி, வீட்டில் ஏற்கனவே இருந்த ஹோம் தியேட்டர் ரிஸீவரில் இணைத்தார்கள். பேரக் குழந்தைகளுக்குச் சினிமா, தாத்தாவுக்கு நாகஸ்வரம் என்று ஏற்பாடு.

முதல் ஞாயிற்றுக்கிழமை பழைய கச்சேரிப் பதிவு ஒன்றைப் போட்டார்கள். தவிலின் முழக்கத்தில் ஜன்னல் கதவுகள் அதிர்ந்தன. ரிஸீவர் சிறிதும் அசரவில்லை. ஆனால் வாசிப்பு சூடு பிடித்து, ஜால்ரா கணீர் கணீரென்று விழத் தொடங்கியதும் 'டக்' என்று ஒரு சத்தம், யந்திரம் அணைந்துவிட்டது. ஐந்து நிமிஷம் ஆற வைத்துப் போட்டால் மறுபடி பாடும். ஜால்ரா ஓங்கினால் மறுபடி மௌனம்.

"நீ பௌதிகம் வாசித்தவனாயிற்றே! தவிலுக்கு அஞ்சாத யந்திரம் ஜால்ராவுக்கு ஏனப்பா அஞ்சுகிறது?" என்று கேட்டார்.

"தெரியவில்லை, ஸார், பார்த்துச் சொல்கிறேன்" என்றேன். முப்பது வருஷங்களுக்கு முன் வகுப்பில் அவரிடம் அடிக்கடி சொன்ன பதில்தான்.

சமாசாரம் வேடிக்கையோடு நின்றிருந்தால் இங்கே எழுத மாட்டேன். "வாட் போதாது, 500 வாட் ஆம்ப்ளிபையர் வாங்குங்கள்" என்று ஒருவர் அவருக்கு யோசனை சொல்லியிருந்தார். விலை ஒன்றரை லட்சம் ரூபாய். வாத்தியார் தம் சேமிப்பிலிருந்து அதை எடுக்கத் துணிந்துவிட்டார். காரணம் கேட்டபோது குரல் சற்றுத் தாழ்ந்தது. "காது டாக்டர் சொல்லிவிட்டார், அப்பா. உச்ச ஒலிகள் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டிருக்கின்றனவாம். மிச்சமிருக்கிற காதைக்கொண்டு நாலு வருஷமாவது நன்றாகக் கேட்கலாமே!"

இதற்குப் பிறகு நான் புஸ்தகங்களைப் புரட்டாமல் இருக்க முடியுமா?

சாதாரண ஸ்பீக்கரில் ஒரு காகிதக் கூம்பு, அதன் அடியில் ஒரு கம்பிச் சுருள், அதைச் சுற்றி ஒரு காந்தம் உண்டு. 1925-ஆம் வருஷம் அமெரிக்காவில் ரைஸ், கெல்லாக் என்ற இரு பொறியாளர்கள் வெளியிட்ட முறை அது. இன்று நம் வீடுகளில் பேசுகிற ஸ்பீக்கர்களில் அநேகமாக எல்லாம் அந்த வம்சந்தான். எலெக்ட்ரோஸ்டாடிக் ஸ்பீக்கர் வேறு ஜாதி. அதில் துளைகள் நிறைந்த இரண்டு உலோகத் தகடுகள் எதிரெதிரே நிற்கும். நடுவே, காகிதத்தைவிட மெல்லிய பிளாஸ்டிக் படலம் ஒன்று இழுத்துக் கட்டப்பட்டிருக்கும். படலத்துக்குச் சில ஆயிரம் வோல்ட் மின்னூட்டம் ஏற்றுவார்கள். அதற்காகவே இந்த ஸ்பீக்கருக்குச் சுவரிலிருந்து தனியாக மின்சாரம் கொடுக்க வேண்டும். தலை வாரிய சீப்பு காகிதத் துணுக்கை இழுக்கிறதல்லவா? அதே சக்திதான் இங்கே படலத்தை முன்னும் பின்னும் அசைக்கிறது. படலத்துக்குக் கனமே இல்லையென்று சொல்லலாம். ஆகையால் ஒலி எழும்போது உடனே எழுகிறது. அடங்கும்போது உடனே அடங்குகிறது. நாகஸ்வரத்தின் நுண்ணிய பிருகாக்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் உதிர்வது இதனால்தான்.

இந்த இரண்டு தகடும் நடுவிலுள்ள இடைவெளியும் சேர்ந்தால் என்ன பெயர்? பத்தாம் வகுப்புப் பையன் சொல்லிவிடுவான்: மின்தேக்கி. மின்தேக்கியின் குணம், ஒலியின் அதிர்வு ஏற ஏற மின்சாரத்துக்கு அது காட்டும் தடை குறைந்துகொண்டே போவது. ஸ்பீக்கரின் முதுகில் '4 ஓம்' என்று அச்சடித்திருந்தார்கள். அது பெயரளவுக்குப் போட்ட எண்தான். வினாடிக்கு 20,000 அதிர்வு என்ற உச்சத்தில் இவ்வகை ஸ்பீக்கர்கள் பலவற்றின் தடை ஒரு ஓமுக்கும் கீழே போய்விடும்.

வாத்தியாருக்குக் கணக்காகச் சொன்னேன். ஆம்ப்ளிபையர் 20 வோல்ட் கொடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். தடை 8 ஓம் ஆனால் ஓடுவது இரண்டரை ஆம்பியர். 4 ஓம் ஆனால் 5 ஆம்பியர். ஒரே ஓம் ஆனால் 20 ஆம்பியர்! நல்ல வேளையாக, சங்கீதத்தில் உச்ச ஒலிகளுக்கு அவ்வளவு வோல்ட் வருவதில்லை. ஆனால் ஜால்ரா விதிவிலக்கு. அதன் பலமெல்லாம் உச்சத்தில்தான். தவிலின் 'தொம்' அடியிலுள்ள பெட்டியைச் சேர்ந்தது. பெட்டிக்குள் இருப்பது சாதாரணச் சுருள் ஸ்பீக்கர். ரிஸீவருக்குப் பழகிய சுமை. ஜால்ராவோ நேரே படலத்துக்குப் போகிறது. போதாக்குறைக்கு, மின்தேக்கி வாங்கிய மின்சாரத்தைச் செலவழிப்பதில்லை; அடுத்த கணமே திருப்பி அனுப்பிவிடும். அதன் பலன் ஆம்ப்ளிபையருக்குள்ளேயே உஷ்ணமாக முடிகிறது. ரிஸீவர் தன் உயிரைக் காத்துக்கொள்ள அணைந்தது. அது கோழைத்தனமல்ல, புத்திசாலித்தனம்.

"அப்படியானால் 500 வாட் வாங்குவது சரிதானே?" என்றார்.

இல்லை. இந்த இடத்தில்தான் பலரும் பணத்தை இழக்கிறார்கள். செஞ்சிக் கோட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். 1690-இல் தொடங்கிய மொகலாய முற்றுகை 1698-இல்தான் முடிந்தது. அத்தனை வருஷம் கோட்டை நின்றது மதில் உயரத்தால் மட்டுமா? உள்ளே களஞ்சியம் இருந்தது, குளமும் சுனையும் இருந்தன. ஆம்ப்ளிபையருக்கு வாட் என்பது மதில். வெளியிலிருந்து பார்ப்பவர் கண்ணுக்குத் தெரிவது. அதன் களஞ்சியம் உள்ளே இருக்கிற டிரான்ஸ்பார்மரும் பெரிய மின்தேக்கிகளும். திடீரென்று 20 ஆம்பியர் கேட்டால் கொடுக்கக் கூடியது களஞ்சியந்தான். ஹோம் தியேட்டர் ரிஸீவரில் ஐந்து அல்லது ஏழு வாய்களுக்கு ஒரே களஞ்சியம். விளம்பரத்தில் போடும் வாட் கணக்கோ, பெரும்பாலும் இரண்டு வாய்களுக்கு மட்டும் படி அளந்து பார்த்த கணக்கு.

மேலும், வாட் இரட்டித்தால் ஒலி இரட்டிப்பதில்லை. 100 வாட்டை 200 ஆக்கினால் கிடைப்பது 3 டெசிபல். காதுக்குச் சிறு வித்தியாசந்தான். இரண்டு பங்கு உரக்கக் கேட்க வேண்டுமானால் ஏறக்குறையப் பத்து மடங்கு வாட் வேண்டும்.

இதற்குச் சரித்திரமே சாட்சி. இங்கிலாந்தில் ஹண்டிங்டன் என்ற ஊரில் பீட்டர் வாக்கர் நடத்திய கம்பெனி 1957-இல் குவாட் என்ற பெயரில் எலெக்ட்ரோஸ்டாடிக் ஸ்பீக்கர் ஒன்றை வெளியிட்டது. இன்றும் ரஸிகர்கள் அதைத் தேடிப் பிடித்துக் கேட்கிறார்கள். அதற்குத் துணையாக அவர் செய்து வைத்திருந்த வால்வு ஆம்ப்ளிபையரின் சக்தி எவ்வளவு தெரியுமா? 15 வாட்! அந்த ஸ்பீக்கர் தாங்கும் உச்ச வரம்பே 33 வோல்ட். அதற்குமேல் ஓட்டினால் தகட்டுக்கும் படலத்துக்கும் நடுவே பொறி பறந்து படலம் ஓட்டையாகிவிடும். பெரிய ஆம்ப்ளிபையரைப் பூட்டிப் பழைய குவாட்டைக் கொன்றவர்கள் உண்டு. அதிகம் இருந்தால் ஆபத்தில்லை என்று நினைப்பது தவறு.

ஆகவே கடைக்குப் போகிறவர் வாட் கேட்பதற்கு முன் கேட்க வேண்டிய கேள்விகள் வேறு. முதலாவது: 8 ஓமில் 100 வாட் தரும் ஆம்ப்ளிபையர், 4 ஓமில் ஏறக்குறைய 200 வாட் தருகிறதா? 2 ஓமுக்கும் கணக்குக் கொடுத்திருக்கிறார்களா? கொடுத்திருந்தால் களஞ்சியம் பெரிது என்று பொருள். 4 ஓமோடு வாய் மூடிக்கொண்டால், அந்த மௌனத்துக்கும் பொருள் உண்டு. இரண்டாவது: மின்தேக்கிச் சுமையில் அது நிலை குலையாமல் இருக்குமா? சில ஆம்ப்ளிபையர்கள் இத்தகைய சுமையில், கேட்காத உச்சத்தில் தாமே ஊளையிட்டுச் சூடேறிவிடும். மூன்றாவது: வால்வு ஆம்ப்ளிபையர் என்றால், உச்ச ஒலிகள் கொஞ்சம் மங்குவதை மனம் ஒப்புமா? சிலருக்கு அந்த மென்மையே இனிமை. டி வகுப்பு என்று சொல்லும் புது ரகமானால், ஸ்பீக்கரின் ஓம் மாறினாலும் ஒலி மாறாத அமைப்புடையதா என்று விசாரிக்க வேண்டும். பழைய அமைப்புகளில் மாறும். நல்ல புது அமைப்புகளில் மாறாது.

அப்படியானால் இருக்கிற ரிஸீவரைத் தூக்கி எறிவதா? வேண்டவே வேண்டாம். அதன் முதுகில் 'ப்ரீ அவுட்' என்ற துவாரங்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். இருந்தால், முன்னால் நிற்கும் இரு ஸ்பீக்கர்களுக்கு மட்டும் இரண்டு சானல் ஆம்ப்ளிபையர் ஒன்றைத் தனியே வைத்து, மற்றவற்றை ரிஸீவரிடமே விட்டுவிடலாம். சினிமாவின் இடி முழக்கத்தை 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டி, சப்வூபர் என்ற கனத்த பெட்டிக்கு அனுப்பலாம். வாத்தியாரின் ரிஸீவரில் அதிர்ஷ்டவசமாக அந்தத் துவாரங்கள் இருந்தன.

விழுப்புரத்து நண்பர் ஒருவரிடம் பழைய இரண்டு சானல் ஆம்ப்ளிபையர் ஒன்றை இரவல் வாங்கினேன். 100 வாட்தான். ஆனால் தூக்கும்போது முதுகு பிடித்துக்கொண்டது. களஞ்சியம் பெரிது என்பதற்கு அதுவே அத்தாட்சி. இரண்டு சாயங்காலம் கேட்டுப் பார்த்த பிறகே விலை பேசினோம். 38,000 ரூபாய்க்கு முடிந்தது. இரவல் வாங்கி, சொந்த வீட்டில், சொந்த ஸ்பீக்கரில் கேட்காமல் ஆம்ப்ளிபையர் வாங்குவது பெண்ணைப் பாராமல் முகூர்த்தம் வைப்பது போலத்தான்.

வீட்டிலும் சில திருத்தங்கள் செய்தோம். இந்த ஸ்பீக்கர் முதுகுப் பக்கமும் அதே அளவு பாடும். அதனால் சுவரிலிருந்து மூன்றடி தள்ளி நிறுத்தினோம். மின்னூட்டமுள்ள படலம் தூசியை இழுக்கும். வேனிற் காலத்தில் நம் ஊர்த் தூசிக்குக் கேட்பானேன்? பிளக்கைப் பிடுங்கி, மின்னூட்டம் அடங்கிய பிறகு, வாக்குவம் கிளீனரால் மெல்ல உறிஞ்ச வேண்டும். மின்சாரம் ஏறி இறங்கும் தெரு ஆகையால் ஸ்டெபிலைஸர் ஒன்று வைத்தோம். உள்ளே ஆயிரக் கணக்கான வோல்ட் இருப்பதால், குழந்தைகள் மட்டுமல்ல, பௌதிகம் வாசித்தவர்களும் அதைத் திறக்கக் கூடாது என்று உத்தரவாயிற்று.

பிறகு அதே கச்சேரி. தவில் வந்தது, ஜால்ரா வந்தது, யந்திரம் அணையவில்லை. கச்சேரி முடிந்ததும் நான் ஒரு பரீட்சை வைத்தேன். ஒரே ஸ்வரத்தைக் கீழிருந்து மேலே ஏற்றிக்கொண்டு போனேன். வாத்தியாருக்கு 8,000 அதிர்வோடு ஒலி நின்றுவிட்டது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பேத்தி 15,000 தாண்டியும் கையைக் கீழே இறக்கவில்லை.

வாத்தியார் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "ஆக, யந்திரத்தை அணைத்த ஒலிகளில் பாதி எனக்குக் கேட்கவே கேட்காது" என்றார்.

"கேட்காது, ஸார். ஆனால் ஆம்ப்ளிபையருக்குக் கேட்கிறது. அது தளர்ந்தால் உங்களுக்குக் கேட்கிற பாதியும் போய்விடும்."

அவர் சிரித்துவிட்டார். பேத்தியைக் கூப்பிட்டு மடியில் இருத்திக்கொண்டு, "நீ கேட்டுச் சொல்லு, நான் தாளம் போடுகிறேன்" என்று பதிவை மறுபடி முதலிலிருந்து போட்டார்.

மிஞ்சிய ஒரு லட்சத்துச் சொச்சத்தை என்ன செய்யப் போகிறார் என்று விடைபெறும்போது கேட்டேன். அதில் ஒரு பங்கைத் தனியே எடுத்து வைத்துவிட்டாராம். வருஷந்தோறும் உற்சவ காலத்தில் நாலு ஊருக்குப் போய், சுவாமி புறப்பாட்டின் முன் நின்று நாகஸ்வரம் கேட்பதற்கு.

"அங்கே நமக்கு ஆம்ப்ளிபையர் வேண்டாம் பார், அப்பா!" என்றார்.