"மறுகா" என்றால் பிழையா?

என் தம்பிக்கு இன்னும் மூன்று வயது நிறையவில்லை. உம்மாவுக்குச் சத்திரசிகிச்சை நடந்ததால் இரண்டரை மாதம் அக்கரைப்பற்றில் மூத்தம்மாவோடு இருந்துவிட்டுப் போன மாதம்தான் கொழும்புக்குத் திரும்பி வந்தான். போகும்போது அவனிடம் இருந்தவை ஒரு கைப்பிடிச் சொற்கள். வரும்போது ஒரு குட்டிக் கிழவராக வந்து இறங்கினான்.

சோற்றில் கை வைக்குமுன் சத்தமாக பிஸ்மி சொல்கிறான். வாசலில் சிதறிக் கிடக்கும் செருப்புகளைச் சோடி சேர்த்து வைக்கிறான். மஃரிபுக்கு பாங்கு சொன்னால் ஜன்னலைச் சாத்தச் சொல்லி எங்களை விரட்டுகிறான். நாங்கள் சத்தமாகக் கதைத்தால் "பறையாதங்க" என்று அதட்டுகிறான். ஒருநாள் சூன் பாண்காரர் ஓட்டோவை எங்கள் வாசலில் நிறுத்தியபோது, "இரிங்க காக்கா, தேத்தண்ணி குடிச்சிட்டு மறுகா போகலாம்" என்றான். அவர் சிங்களவர். ஒன்றும் விளங்காவிட்டாலும் சிரித்துக்கொண்டே ஒரு பணிஸைக் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

நாங்களும் சிரித்தோம். ஒரு வாரம்தான். பிறகு ஜனவரியில் பாலர் பாடசாலை, அதற்கு நேர்முகப் பரீட்சை என்ற பேச்சு வந்தது. "இவன்ட பேச்சைக் கொஞ்சம் திருத்து மகள்" என்றார் உம்மா. அந்த வேலையை நான் மிக ஆர்வமாகச் செய்தேன். "மறுகா இல்ல, பிறகு." "கிறுகு இல்ல, திரும்பு." அவன் வாயைத் திறக்கும்போதெல்லாம் நான் குறுக்கே நின்றேன்.

பத்தாவது நாள் இருக்கும். பகல் சாப்பாட்டில் அவனுக்கு இன்னும் கொஞ்சம் சோறு வேண்டியிருந்தது. "மறுகா தாங்க" என்றுதான் வழக்கமாகக் கேட்பான். அன்று என் முகத்தைப் பார்த்தான். வாயைத் திறந்தான், மூடினான். பேசாமல் பீங்கானை என் பக்கம் தள்ளினான்.

உயர்தரத்தில் தமிழ் படிக்கும் எனக்கு அந்தப் பீங்கான் பெரிய அவமானமாகப் போய்விட்டது. கிழக்கிலங்கை நாட்டார் பாடல்களை ஆசிரியை விளக்கும்போது "அழகு" என்று ஓரத்தில் குறிப்பு எழுதுகிறவள் நான். வீட்டிலே அதே பேச்சுக்குப் பிழை போட்டுக்கொண்டிருந்தேன்.

நூலகத்தில் அகராதியைப் புரட்டினேன். "பறைதல்" என்றால் சொல்லுதல் என்றே இருக்கிறது. "மறுகால்" என்பதே "மறுகா" ஆகியிருக்க வேண்டும் என்றார் ஆசிரியை. மட்டக்களப்புப் பேச்சுத் தமிழ் எழுத்துத் தமிழுக்கு மிக நெருங்கியது, பழைய கூறுகளைக் காத்து வைத்திருப்பது என்று செக் நாட்டு அறிஞர் கமில் சுவெலபில் எழுதியிருப்பதையும் அவரே சொன்னார். எங்கள் முஸ்லிம் தமிழைப் பற்றிப் பேராசிரியர் எம். ஏ. நுஃமான் நிறைய எழுதியிருக்கிறார். அறிஞர்கள் ஆராய்கிற பேச்சு, எங்கள் வீட்டு வரவேற்பறைக்கு மட்டும் ஆகாமல் போய்விட்டது.

உம்மாவைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. கலியாணம் முடித்துக் கொழும்புக்கு வந்த புதிதில் "மறுகா" என்று சொன்னதற்குச் சபையில் சிரித்தார்களாம். அன்றிலிருந்து அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, மூத்தம்மாவோடு தொலைபேசியில் மட்டுமே அப்படிப் பேசுகிறார். மகனையும் பார்த்துச் சிரித்துவிடுவார்கள் என்ற பயம் அவருக்கு. பயம் நியாயமானதுதான். ஆனால் திருந்த வேண்டியது சிரிக்கிறவர்கள் அல்லவா? பிள்ளையின் வாயை ஏன் மூடுகிறோம்?

மூத்தம்மா செய்ததெல்லாம் சரி என்று நான் வாதாடவில்லை. இந்த வயதில் மூன்று வேளையும் சீனி போட்ட தேத்தண்ணி பழக்கியதை நானும் ஏற்கமாட்டேன். அதை நிறுத்த நாங்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. பழக்கத்தைத் திருத்தலாம். பேச்சு அப்படியல்லவே, அதில் அவரே இருக்கிறார்.

இப்போது நான் திருத்துவதில்லை. நான் "பிறகு" என்று சொல்கிறேன், அவன் விருப்பம்போல் சொல்லட்டும் என்று விட்டுவிட்டேன். வேடிக்கை என்னவென்றால், என்னிடம் அவனாகவே சில நேரம் "பிறகு" என்கிறான். வெள்ளிக்கிழமை தொலைபேசியில் மூத்தம்மாவிடம் மட்டும் தவறாமல் "மறுகா". யாரும் சொல்லிக்கொடுக்காமலே ஆள் பார்த்துப் பேசுகிறான். ஆங்கிலமும் சிங்களமும் வரட்டும், இடம் இருக்கிறது.

நேர்முகப் பரீட்சைக்கு இன்னும் மூன்று கிழமை. அங்கே போய் ஆசிரியையிடம் "இரிங்க" என்று சொல்லிவிடுவானோ என்று உம்மா கவலைப்படுகிறார். சொல்லட்டுமே உம்மா, நானும் கூடவே வருகிறேன்.