மாவுப் பானையும் மருந்துக் கடையும்

கிருமி என்னும் சொல்லைக் கேட்ட அளவில், கண்டதை உண்டு வரம்பின்றிப் பெருகும் அற்பவுயிர் என்றே நம்மவருள் பெரும்பாலார் எண்ணுகின்றனர். அஃது உண்மையன்று. உயிர்நூலார் கண்டறிந்தவற்றை நோக்குமிடத்து, கிருமியைப் போல வரவறிந்து செலவு செய்யும் குடித்தனக்காரரை உலகிற் காண்டல் அரிதென்றே தோன்றுகின்றது. வேண்டாத காலத்து அஃது ஒரு நொதியையும் ஆக்குவதில்லை. மாற்றாரைக் கொல்லும் மருந்தையும் காலம் பார்த்தே சுரக்கின்றது. அம்மருந்தை வரம்பின்றிச் செலவிடுவார் நாமே. அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லி ஆகிய ஊர்களின் மருந்துக் கடைகளில் நாள்தோறும் நிகழும் வாணிகத்தைக் கண்டு யாம் கொண்ட கருத்து இது.

தமிழ் பயிலும் மாணாக்கர்க்கு நுண்ணுயிர் நூலில் என்ன வேலை என்பாரும் உளர். தொல்காப்பியப் பொருளதிகாரத்து இறுதி இயலுக்கு மரபியல் என்று பெயர். உயிர்களின் இளமைப் பெயர்களையும் அறிவு பற்றிய அவற்றின் பாகுபாட்டையும் அது கூறும். இற்றைநாள் ஜெனிட்டிக்ஸ் என்னும் நூற்குத் தமிழில் வழங்கும் பெயரும் மரபியலே. பெயரை எம்மிடம் கடன் கொண்டவர் பொருளை எமக்கும் சிறிது சொல்லுதல் முறையன்றோ?

அடுக்களையிலிருந்தே தொடங்குவோம். அரிசியும் உளுந்தும் அரைத்த மாவு இரவிற் பொங்குதற்கு லூக்கனாஸ்டாக் என்னும் பாக்டீரியா முதன்மையான காரணம் என்று 1965ஆம் ஆண்டில் வெளிவந்த ஆராய்ச்சி ஒன்று காட்டிற்று. அது மாவிலுள்ள சர்க்கரையை உண்டு, புளிப்பையும் காற்றையும் வெளிவிடுகின்றது. அம்பத்தூர்த் தொழிற்பேட்டையைச் சூழ்ந்த தெருக்களில் இப்பொழுது அம்மாவு பைகளில் விலையாகின்றது. அதனை வெளியே வைத்து உறங்கினவர் காலையிற் பை உப்பியிருக்கக் காண்பர்.

இத்தகைய சிற்றுயிரின் முன் இருவகைச் சர்க்கரையை இட்டால் எதனை முதலில் உண்ணும்? நம் குடலில் வாழும் ஈ.கோலை என்னும் மற்றொரு பாக்டீரியாவை வைத்து இவ்வினாவை ஆராய்ந்தவர், பாரிஸ் நகரத்து ஜாக் மோனோ என்பவர். குளுக்கோஸையும் பாற்சர்க்கரையையும் ஒருங்கே கொடுத்தபொழுது, அது குளுக்கோஸை முற்றும் உண்டு, சிறிது நேரம் வளர்ச்சியின்றி நின்று, பின்னரே பாற்சர்க்கரையிற் கை வைத்தது. இதன் விளக்கத்தை 1961இல் மோனோவும் பிரான்சுவா ஜாக்கோபும் வெளியிட்டனர். பாற்சர்க்கரையைப் பிளக்கும் நொதிக்குரிய மரபணுவின் வாயிலில் ஒரு புரதம் காவலனாக அமர்ந்திருக்கின்றது. பாற்சர்க்கரை உள்ளே புகுந்தால், அதினின்று பிறந்த ஒரு பொருள் காவலனைப் பற்றி அகற்றும்; வாயில் திறக்கும். திறந்தும், குளுக்கோஸ் உள்ளங்காறும் வேலை மந்தமாகவே நடைபெறும். எளிதிற் கிடைக்கும் உணவிருக்க, அரியதை உண்ணக் கருவி செய்தல் வீண் செலவன்றோ? ஈஸ்டும் இவ்வாறே குளுக்கோஸ் உள்ளவரை காலக்டோஸுக்குரிய மரபணுக்களை உறங்க வைத்திருக்கும். 1965இல் நோபல் பரிசு இவ்விருவர்க்கும் ஆந்திரே லுவாஃப் என்பார்க்கும் உரியதாயிற்று.

நிற்க. இந்தச் சிக்கனத்திற்கும் மருந்துக்கும் என்ன இயைபு? ஈஸ்டின் இனமாகிய பூஞ்சையினின்று பெனிசிலினை மிகுதியாக எடுக்க அமெரிக்காவின் பியோரியா நகரத்து ஆராய்ச்சிசாலையார் 1941 முதல் முயன்றனர். குளுக்கோஸை நிரம்ப இட்டால் பூஞ்சை கொழுத்தது, மருந்து குறைந்தது. மெல்லச் செரிக்கும் பாற்சர்க்கரையை இட்டபொழுதோ மருந்து மிகுந்தது. பசியற்ற உயிர் படைக்கலம் வடிப்பதில்லை என்க.

இதனினும் வியக்கத்தக்கது ஸ்ட்ரெப்டோமைசிஸ் என்னும் மண்வாழ் பாக்டீரியாவின் வரலாறு. முதல் மழை விழுந்தவுடன் செம்பரம்பாக்கத்து ஏரிக்கரையில் எழும் மண்மணம் பெரும்பாலும் இக்குலத்தார் ஆக்கும் பொருளால் வருவதே. இக்குலத்து ஓர் இனத்தினின்று 1943இல் கிடைத்ததே காசநோயை முதன்முதல் அடக்கிய ஸ்ட்ரெப்டோமைசின். அவ்வினம் எப்பொழுதும் அம்மருந்தைச் சுரப்பதன்று. தன் கூட்டம் போதிய அளவு பெருகும்வரை காத்திருக்கும். ஏ-காரணி என்னும் ஒரு சிறு பொருளைத் தானே கசிந்து, அது நிறைந்தவுடன் காவற்புரதம் விலக, மருந்தாக்கும் மரபணுக்களை ஒன்றன்பின் ஒன்றாக எழுப்பும். இக்காரணியை 1967இல் சோவியத்து நாட்டுக் கோக்லோவ் என்பவர் அறிவித்தார். நம் நாட்டிலும் இத்துறை வெறிதன்று: புற்றுநோய் மருந்தாகிய டானோரூபிசினை ஆக்கும் ஸ்ட்ரெப்டோமைசிஸ் பியூசீட்டியஸ் அதனை எவ்வாறு ஆட்சி செய்கின்றது என்பதை மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தார் ஆராய்ந்து வெளியிட்டுள்ளனர்.

ஈண்டு ஒன்றைக் கூர்ந்து நோக்குதல் வேண்டும். ஸ்ட்ரெப்டோமைசினை ஆக்கும் உயிர் தன் நஞ்சால் தானே மாளாதிருத்தற்கு, மருந்தாக்கத்தைத் தூண்டும் மரபணுவின் அருகிலேயே அம்மருந்தைத் தாங்கும் மரபணுவையும் வைத்திருக்கின்றது. வாளையும் கேடயத்தையும் ஒரே உறையில் இட்டதுபோலாம். எனவே மருந்தை எதிர்க்கும் வல்லமை மருத்துவமனையிற் புதிதாய்ப் பிறந்ததன்று. மண்ணில் நெடுங்காலமாக உள்ளது. நோய்க்கிருமிகள் சிலவற்றில் அக்கேடயமும் உறங்கியே கிடக்கும். ஸ்டஃபிலோகாக்கஸ் என்பது பெனிசிலின் தன்னைத் தீண்டியதை உணர்ந்த பின்னரே அதனைச் சிதைக்கும் நொதியை ஆக்கத் தொடங்கும். பயனின்றி உட்கொள்ளும் ஒவ்வொரு மாத்திரையும் அவ்வாயிலைத் தட்டுங் கையாகும். தட்டுந்தோறும் கேடயமில்லாதவை மடிகின்றன, உள்ளவை தழைக்கின்றன.

இதன் விளைவு நம் நகரத்திலேயே காணப்பட்டது. சென்னைப் பல்கலைக்கழகத்து ஆராய்ச்சியாளர் கார்த்திகேயன் குமாரசாமியை முதலாசிரியராகக் கொண்டு 2010இல் லான்செட் தொற்றுநோய் இதழில் வெளிவந்த கட்டுரை, கடைசி அரணென்று வைத்திருந்த கார்பாபெனெம் மருந்துகளையும் சிதைக்கும் என்.டி.எம்-1 என்னும் நொதியுடைய பாக்டீரியாக்களைப் பற்றியது. சென்னையிற் கிடைத்த மாதிரிகள் மட்டும் 44. அம்மரபணு ஓரினத்தோடு நில்லாது இனம் விட்டு இனம் தாவவல்லது. அதன் பெயரில் புதுதில்லி இடம்பெற்றது பற்றி நாட்டில் பெரும்பூசல் எழுந்தது. பெயர்ப்பூசலிற் காட்டிய ஊக்கத்திற் பாதியை மருந்துக் கடைகளிற் காட்டியிருப்பின் நலமாயிருந்திருக்கும் என்பது எம் துணிபு.

சட்டம் இல்லாமலில்லை. நுண்ணுயிர்க்கொல்லிகளை மருத்துவர் சீட்டின்றி விற்றல் ஆகாது. 2014 மார்ச்சு முதல் நடைமுறைக்கு வந்த எச்-1 அட்டவணை, அவற்றுள் வலிமிக்கவற்றை விற்போர் மருத்துவர் பெயரையும் நோயாளி பெயரையும் தனியேட்டில் எழுதி மூன்றாண்டு காத்தல் வேண்டும் என்கின்றது. ஆயினும் சளி பிடித்தவர் கடை முன் நின்று ‘இரண்டு மாத்திரை கொடுங்கள்’ என்பதும், கடைக்காரர் கத்தரிக்கோலால் அட்டையை நறுக்கித் தருவதும் யாம் கண்கூடாகக் காண்பன. சளி வைரஸால் வருவது. வைரஸை இம்மருந்துகள் ஒன்றும் செய்யா. தொழிற்பேட்டையில் நாட்கூலி பெறுபவர் மருத்துவமனை வரிசையில் நின்றால் அன்றைய கூலியை இழப்பர். அவரை யாம் குறை கூறோம். விடுதி அறைகளில் எஞ்சிய மாத்திரையைத் தோழனுக்கு ஈகையாக வழங்கும் நம் கல்லூரி மாணவரை எவ்வாறு மன்னிப்பது? அவர்க்குக் கூலியும் போவதில்லை, எழுத்தும் தெரியும்.

சட்டத்தை இன்னும் கடுமையாக்குக என்பார் பலர். யாம் அதற்கு முன் செய்யத்தக்கது ஒன்று உண்டென்போம். அம்மருந்தின் அட்டைமேல் ஒரு செந்நிறக் கோடு உள்ளது. அது மருத்துவர் சொல்லின்றி உண்ணலாகாது என்பதன் அடையாளம். 2016இல் நடுவணரசு அதனைப் பரப்ப ஓர் இயக்கமே நடத்திற்று. ஆவடிச் சந்தையிற் கேட்டுப் பார்மின். கோட்டின் பொருளறிந்தார் எத்துணையர்? எச்சரிக்கை அச்சிடப்பட்டிருப்பதோ ஆங்கிலத்தில், எறும்பு ஊர்ந்தாற்போன்ற எழுத்தில். அட்டையில் இடமில்லை என்று மருந்து செய்வோர் கூறின், கடைக்காரர் மாத்திரையை இட்டுத் தரும் காகித உறையில் இடம் உண்டு. அதில் இப்பொழுது கடையின் பெயரும் தொலைபேசி எண்ணுமே காணப்படுகின்றன. சளிக்கு இம்மருந்து உதவாது என்று ஒரு வரி. சீட்டின்றி வாங்கலாகாது, பிறர்க்குக் கொடுத்தலும் ஆகாது என்று மற்றொரு வரி. இவற்றை எளிய தமிழில் எழுதித் தர எம் வகுப்பார் ஆயத்தமாயுள்ளனர். தொழிற்பேட்டைக்கு ஒடிசாவினின்றும் பீகாரினின்றும் வந்துள்ளார் பலராகலின், ஒடியாவிலும் இந்தியிலும் எழுதவல்லாரை இனித் தேடுதல் வேண்டும்.