ட்ரோன் ஓட்ட ஒரு வாரப் பயிற்சி போதும்... பிறகு எதற்கு இன்ஜினீயரிங் டிகிரி?

பிளஸ் டூ முடித்த பிள்ளை, “நான் ட்ரோன் துறைக்குப் போறேன்” என்று சொன்னால் வீட்டில் இரண்டு குரல்கள் கேட்கும். “முதல்ல இன்ஜினீயரிங்கை முடி, அப்புறம் எது வேணும்னாலும் பண்ணு” என்பது ஒன்று. “ஒரு வாரத்துல சர்டிஃபிகேட் கொடுக்கிறாங்களாமே, எதுக்கு நாலு வருஷம், இத்தனை லட்சம்?” என்பது இன்னொன்று.

இரண்டுமே பாதி சரி. ட்ரோன் துறையில் எந்த வேலைக்குப் போகிறோம் என்பதுதான் மீதிப் பாதியை முடிவு செய்யும்.

பைலட் ஆக பத்தாம் வகுப்பு போதும்

2021 ஆகஸ்ட்டில் வந்த ட்ரோன் விதிகளின்படி, 18 முதல் 65 வயதுக்குள் இருக்கும், பத்தாம் வகுப்பு தேறிய யாரும் ட்ரோன் பைலட் ஆகலாம். சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் (டி.ஜி.சி.ஏ) அங்கீகரித்த மையத்தில் பயிற்சி பெற்றுத் தேர்ச்சி அடைந்தால் 10 ஆண்டுகள் செல்லுபடியாகும் சான்றிதழ் கிடைக்கும். முன்பு பாஸ்போர்ட் கேட்டார்கள். 2023-ல் அதையும் தளர்த்தி, அரசு வழங்கிய வேறு அடையாள, முகவரிச் சான்றுகளையும் ஏற்கத் தொடங்கினார்கள்.

மத்திய அரசின் ‘நமோ ட்ரோன் தீதி’ திட்டத்தில், 15,000 மகளிர் சுயஉதவிக் குழுக்களுக்கு ட்ரோன் கொடுத்து வயலில் மருந்து தெளிக்க வைப்பது இலக்கு. பைலட்டாகும் பெண்ணுக்கு மொத்தமே 15 நாள் பயிற்சிதான். அதில் ட்ரோன் ஓட்டுவதற்கு 5 நாள், உரம், மருந்து தெளிப்பதற்கு 10 நாள்.

ஆக, ஓட்டுவதற்கு டிகிரி தேவையில்லை. ஆனால், பதினைந்து நாளில் நாம் கற்றதைப் பக்கத்து வீட்டுப் பிள்ளையும் பதினைந்து நாளில் கற்றுவிடும் என்பதையும் சேர்த்தே யோசிக்க வேண்டும்.

ஓட்டுபவர் வேறு, சோதிப்பவர் வேறு

வயலில் மருந்து தெளிக்கும் பைலட் கையில் இருப்பது ஏற்கெனவே சோதித்து முடித்த இயந்திரம். புதிதாக எதுவும் நடக்காமல் இருந்தால் அவருக்கு அது நல்ல நாள். ஃப்ளைட் டெஸ்டிங் பிரிவில் இருப்பவருக்கோ, புதிதாக என்ன நடக்கும் என்று கண்டுபிடிப்பதுதான் வேலை.

250 கிராமுக்குட்பட்ட நானோ ட்ரோன் போன்ற சில விலக்குகள் தவிர, இந்தியாவில் பறக்கும் ஒவ்வொரு மாடலுக்கும் ‘டைப் சர்டிஃபிகேட்’ வேண்டும். அந்தச் சான்றுக்கு முன் கம்பெனிக்குள்ளேயே பல சுற்று சோதனைகள் நடக்கும். முதலில் இறக்கைகளைக் கழற்றிவிட்டு மோட்டார் சரியான திசையில் சுற்றுகிறதா என்று பார்ப்பார்கள். பிறகு தாழ்வாகப் பறக்கவிட்டு, ஒரே இடத்தில் நிற்கிறதா என்று பார்ப்பார்கள். அதன்பின் வேகம், எடை, காற்று என ஒவ்வொன்றாகக் கூட்டுவார்கள். ரிமோட் தொடர்பை வேண்டுமென்றே துண்டித்து, கிளம்பிய இடத்துக்குத் தானாகத் திரும்புகிறதா என்றும் சோதிப்பார்கள்.

10 லிட்டர் டேங்க் உள்ள விவசாய ட்ரோனை எடுத்துக்கொள்வோம். இவற்றில் பல, ‘சிறிய’ வகைக்கான 25 கிலோ வரம்புக்குள் அடங்கும்படி வடிவமைக்கப்படுபவை. மருந்து தீரத் தீர, சில நிமிடங்களிலேயே சுமார் 10 கிலோ குறைந்துவிடும். பாதி டேங்கில் மருந்து தளும்பும்போது எடையின் மையமும் நகரும். அப்போது ஒரு திருப்பத்தில் ட்ரோன் ஆடுகிறது என்று வையுங்கள். “லேசா ஆடுச்சு சார்” என்று சொல்ல பைலட் போதும். ஆடியதற்குக் காரணம் தளும்பலா, தளர்ந்த ஸ்க்ரூவா, ஒரு மோட்டாரின் களைப்பா, மென்பொருளில் வைத்த அளவுகளா? ட்ரோனுக்குள் பதிவாகும் ‘லாக்’ கோப்பைத் திறந்து அதிர்வு, மின்னழுத்தம், மோட்டார் வேகம் எல்லாவற்றையும் ஒப்பிட்டுப் பார்த்துத்தான் பதில் சொல்ல முடியும்.

பொறியியல் படிப்பு கைகொடுப்பது இந்த இடத்தில்தான்.

இரண்டு நாற்காலி, ஒரே ஆள்

பெங்களூரில் உள்ள விமானப் படையின் டெஸ்ட் பைலட் பள்ளியில் டெஸ்ட் பைலட்டுகளோடு ஃப்ளைட் டெஸ்ட் இன்ஜினீயர்களுக்கும் பயிற்சி தருகிறார்கள். அங்கே அவை இரண்டு தனி வேலைகள். சிறிய ட்ரோன் கம்பெனிகளில் பெரும்பாலும் இரண்டையும் ஒரே ஆள் செய்ய வேண்டியிருக்கும். காலையில் மைதானத்தில் ரிமோட், மாலையில் லேப்டாப்பில் ரிப்போர்ட்.

டிகிரி இல்லாதவர்களுக்கு இங்கே இடமே இல்லையா? இருக்கிறது. சென்னை குரோம்பேட்டை எம்.ஐ.டி-யின் ‘தக்‌ஷா’ மாணவர் குழுவுக்கு 2018-ல் ஆலோசகராக இருந்தவர் நடிகர் அஜித்குமார். கல்லூரிப் பட்டம் இல்லாதவர். குட்டி விமானங்களை இயக்குவதில் பல வருட அனுபவம் உள்ளவர். அந்த ஆண்டு ஆஸ்திரேலியாவில் நடந்த போட்டியில் அந்தக் குழு இரண்டாம் இடம் பிடித்தது. அவருடைய கைப்பழக்கமும் மாணவர்களின் படிப்பும் அங்கே சேர்ந்தே வேலை செய்தன.

அதேபோல, டிகிரி மட்டும் இருந்தாலும் போதாது. நான்கு வருடத்தில் ஒரு சால்டரிங் அயர்னைக்கூடத் தொடாத ஏரோ பட்டதாரியை மைதானத்துக்கு அனுப்ப எந்தக் கம்பெனியும் யோசிக்கும்.

சேரும் முன் கேட்க வேண்டிய கேள்வி

இன்ஜினீயரிங் முடித்தவர்கள் மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. ‘டெஸ்ட் இன்ஜினீயர்’ என்று வேலையில் சேர்ந்து, மூன்று வருடம் வெறும் ரிமோட்டை மட்டும் பிடித்துக்கொண்டிருப்பது. அடுத்த கம்பெனியில் அவர் வெறும் பைலட்டாகவே பார்க்கப்படுவார். எனவே, இன்டர்வியூவில் தயங்காமல் கேளுங்கள்: “சோதனைத் திட்டத்தை யார் எழுதுகிறார்கள்? லாக்கை யார் படிக்கிறார்கள்? ரிப்போர்ட்டில் யார் கையெழுத்து?” பதில் ‘டிசைன் டீம்’ என்றால், அந்த டீமுக்கு மாற எவ்வளவு காலமாகும் என்றும் கேட்டுவிடுங்கள்.

வீட்டில் பேசி முடிவெடுக்க...

* ‘ட்ரோன்’ என்ற பெயர் இருக்கிறது என்பதற்காகவே ஒரு கோர்ஸில் சேர வேண்டாம். இ.இ.இ., இ.சி.இ., மெக்கானிக்கல், ஏரோ ஆகிய நான்கில் எதிலிருந்தும் இந்தத் துறைக்கு வரலாம். ட்ரோன் கம்பெனிகள் இன்னும் வளர்ந்துகொண்டிருப்பவை. ஆர்டர் குறைந்து ஆள் குறைத்தால், அடிப்படைப் பிரிவில் படித்தவர் எலெக்ட்ரிக் வாகனத் துறைக்கோ ஆட்டோமொபைல் துறைக்கோ நகர முடியும்.

* நான்கு வருடச் செலவு தாங்காது என்றால் பாலிடெக்னிக் டிப்ளமோ நல்ல வழி. பிறகு வசதிப்படும்போது நேரடியாக இரண்டாம் ஆண்டு பி.இ-யில் சேரலாம்.

* கல்லூரியைப் பார்க்கப் போகும்போது, மாணவர்கள் ட்ரோன் பறக்கவிடும் இடத்தைக் காட்டச் சொல்லுங்கள். அங்கீகாரம் பெற்ற கல்வி நிறுவனங்கள், பச்சை மண்டலத்தில் உள்ள தங்கள் வளாகத்துக்குள் ஆராய்ச்சிக்காகப் பறக்கவிட பைலட் சான்றிதழோ டைப் சர்டிஃபிகேட்டோ தேவையில்லை என விதியே விலக்கு தருகிறது.

* ‘ஆர்டுபைலட்’ என்ற மென்பொருளை இலவசமாக இறக்கி, லேப்டாப்பிலேயே ட்ரோனைப் பறக்கவைத்து லாக் படிக்கப் பழகலாம். பைலட் பயிற்சிக்குப் பணம் கட்டுவதற்கு முன் இதை ஒரு மாதம் செய்து பாருங்கள். ரிமோட்டைவிட அந்த வரைபடங்களில் பிள்ளைக்கு ஆர்வம் வந்தால், இன்ஜினீயரிங் ஃபீஸை யோசிக்காமல் கட்டலாம். பறக்கவிடுவது மட்டும்தான் பிடிக்கிறது என்றால், ஒரு வாரப் பயிற்சியே போதும். மிச்சமாகும் பணத்தில் சொந்த ட்ரோன் வாங்கித் தொழில் தொடங்குவதைப் பற்றி யோசிக்கலாம்.