ஒரு கோட்டின் விலை

மழைக் காலத்தில் ஜன்னல் கதவு மூட மறுத்தால் முதலில் மரத்தைத் திட்டுகிறோம். பிறகு தச்சரைத் திட்டுகிறோம். மரமும் நிரபராதி, தச்சரும் நிரபராதி என்று தீர்ப்புச் சொல்ல வேண்டிய சந்தர்ப்பங்களும் உண்டு. அப்போதெல்லாம் உண்மைக் குற்றவாளி, வாளும் உளியும் வருமுன்பே மரத்தின்மேல் விழுந்த ஒரு கோணல் கோடுதான்.

கவரைப்பேட்டையிலும் கும்மிடிப்பூண்டியிலும் ஆலை வேலைக்குப் போகும் இளைஞர்களில் சிலர் ஓய்வு நாட்களில் தச்சு வேலை பழகுகிறார்கள். இயந்திரங்கள் வந்திறங்கிய பைன் மரப் பெட்டிகளை விலைக்கு வாங்கிப் பிரித்து, தங்கைக்கு ஒரு படிப்பு மேஜை, தாயாருக்கு ஒரு முக்காலி என்று செய்து பார்க்கிறார்கள். என்னிடம் படித்த பிள்ளைகளும் அவர்களில் உண்டு. "ஸார், சக்கரம் வைத்த மார்க்கிங் கேஜ் வாங்கலாமா? குறைந்த விலையில் எது நல்லது?" என்று அவர்கள் கேட்பதுண்டு. ஒரு நாள் கூலியைப் பற்றிய கேள்வி இது. ஆகையால் விளையாட்டாகப் பதில் சொல்லக் கூடாது.

மரத்தின் விளிம்புக்கு இணையாக, ஒரே தூரத்தில் கோடு கீறுவதுதான் இந்தக் கருவியின் வேலை. பழைய மாதிரியில் ஒரு மரத் தண்டு, அதன்மேல் நகரும் ஒரு கட்டை, தண்டின் நுனியில் ஓர் இரும்பு முள். புது மாதிரியில் தண்டும் உலோகம். நகரும் தலை பித்தளை அல்லது அலுமினியம். முள்ளுக்குப் பதில் சிறு எஃகுச் சக்கரம். முள் மரத்தைப் பிராண்டுகிறது. சக்கரம் மரத்தை வெட்டுகிறது. பைன் போன்ற மிருதுவான மரத்தில் ரேகைக்குக் குறுக்கே கீறும்போது முள் நாரைப் பிய்த்துவிடும். ரேகையோடு கீறினாலோ, ரேகை வளைந்த இடத்தில் தானும் வளைந்து போகும். சக்கரத்திற்கு இந்தச் சபலம் குறைவு. அது விட்டுச் செல்லும் மெல்லிய பள்ளத்தில் உளியின் நுனி தானாகப் போய் உட்காரும்.

பெயர்தான் சக்கரமே தவிர, வேலை செய்யும்போது அது சுழலக் கூடாது. திருகாணியால் இறுகப் பூட்டப்பட்டிருக்க வேண்டும். ஓரிடத்தில் கூர் மழுங்கினால் ஆணியைத் தளர்த்திச் சக்கரத்தைச் சற்றே திருப்பிவிட்டால், புது முனை வேலைக்கு வந்துவிடும். இந்த ஒரு வசதிக்காகவே இதற்குக் கொஞ்சம் அதிகப் பணம் கொடுக்கலாம்.

இனிக் கடைக்குப் போவோம். மின்சார ரயிலேறிப் பட்டணம் போய்ப் பாரிமுனைக் கடைகளில் கையிலெடுத்துப் பார்த்து வாங்குவது உத்தமம். நாலு விஷயங்களைக் கவனியுங்கள்.

முதலாவது, பூட்டு. தலையின் திருகாணியை விரலால் இறுக்கிவிட்டுத் தண்டைப் பலமாகத் தள்ளுங்கள். தலை மயிரிழை நகர்ந்தாலும் அந்தக் கருவி வேண்டாம். இரண்டாவது, தலைக்கும் தண்டுக்கும் உள்ள கோணம். ஒரு மூலைமட்டத்தை வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். மூன்றாவது, சக்கரம். அதன் விளிம்பு ஒரு பக்கம் மட்டும் சரிவாகவும் மறுபக்கம் தட்டையாகவும் இருக்க வேண்டும். சரிவு தலையை நோக்கியிருக்க வேண்டும். அப்படியிருந்தால் மரம் சரிவைத் தள்ளும்போது சக்கரம் வெளியே போகப் பார்க்கும். தலை மரத்தின் விளிம்போடு இன்னும் நெருக்கமாக அணையும். நாலாவது, தலையில் ஒரு பக்கம் தட்டையாகச் சீவியிருப்பது. இல்லாவிட்டால் கருவி மேஜையிலிருந்து உருண்டு விழும். முதல் விழுதலிலேயே சக்கரத்தின் விளிம்பு உடையலாம்.

தண்டில் பொறித்த அளவுக் கோடுகளுக்காக அதிகப் பணம் கொடுக்க வேண்டியதில்லை. அனுபவமுள்ள தச்சர் மில்லிமீட்டரை எண்ணிக் கருவியை வைப்பதில்லை. ஒரு சட்டத்தின் நுனியில் நாக்கு, மற்றொன்றில் துளை என்றால், துளை போடும் உளியின் அகலத்தையே கருவிக்குக் காட்டுகிறார். பலகையைப் பலகையோடு மூலையில் சேர்ப்பதென்றால், எதிர்ப் பலகையின் கனத்தையே காட்டுகிறார். எண்ணைப் படித்து, நினைவில் வைத்து, மறுபடி எண்ணை வைப்பதில் மூன்று இடத்தில் பிசகலாம். பொருளைப் பொருளோடு ஒப்பிட்டால் பிசகுவதற்கு இடம் குறைவு. பள்ளிக்கூடத்தில் அளவுகோலைப் போதிக்கிற நானே இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது!

தலையைக் கொஞ்சங் கொஞ்சமாக நகர்த்தும் நுண்திருகு அமைப்பும் அப்படித்தான். இருந்தால் சௌகரியம், இல்லாவிட்டால் நஷ்டமில்லை. திருகாணியை அரைகுறையாக இறுக்கி, தண்டின் நுனியை மேஜையில் மெல்லத் தட்டினால் அதே காரியம் ஆகும். அயல்நாட்டுப் பெயர் பெற்ற கருவிகள் ஆயிரக்கணக்கில் விலை சொல்லும். சில நூறு ரூபாய்க் கருவி மேற்சொன்ன நாலு சோதனைகளிலும் தேறினால், புதிதாகப் பழகுகிறவருக்கு அதுவே போதும்.

மலிவான கருவியில் சக்கரத்தின் கூர் சுமாராக இருக்கக்கூடும். அதற்காகக் கவலை வேண்டாம். சக்கரத்தைக் கழற்றி, தட்டைப் பக்கத்தைச் சாணைக்கல்லின்மேல் விரலால் அழுத்திச் சில தடவை தேய்த்தால் கூர் ஏறிவிடும். பழவேற்காட்டுப் பக்கத்து உப்புக் காற்று நம் ஊருக்கும் வருவதால், வேலை முடிந்ததும் ஒரு துளி தையல் மெஷின் எண்ணெய் தடவி வைப்பது அவசியம். கோடு கீறும்போது ஒரே அழுத்தில் ஆழமாகக் கீற முயல வேண்டாம். முதலில் மெல்ல ஒரு தடவை, பிறகு சற்று அழுத்தி இரண்டு தடவை.

அந்தச் சில நூறு ரூபாயும் இப்போது இல்லையென்றால்? வீட்டில் பழைய முள் கேஜ் கிடந்தால், அதன் முள்ளை அரத்தால் ராவிக் கத்தி முனைபோல் ஒரு பக்கம் சரிவாக்குங்கள். குறுக்கு ரேகையிலும் அது மரியாதையாக நடந்துகொள்ளும். மிச்சமான பணத்துக்கு நல்ல உளி ஒன்று வாங்கலாம். தங்கையின் மேஜை ஆடாமல் நிற்குமானால், கோட்டைக் கீறியது சக்கரமா, முள்ளா என்று யாரும் கேட்கப் போவதில்லை.