பறை வரிசைக்கு வயது வரம்பு வேண்டாம்

இளைஞர்கள் பறை கற்கலாமா என்னும் கேள்விக்குக் காலமே ஓரளவு விடை சொல்லிவிட்டது. கல்லூரி வளாகங்களிலும் அரசியல் கூட்டங்களிலும் வட அமெரிக்கத் தமிழ்ச் சங்க மேடைகளிலும் இளைஞர்கள் பறையடிக்கிறார்கள். தமட்டைக் கலைஞர் பிண்டிபாபனஹள்ளி முனிவெங்கடப்பாவுக்கு 2023ஆம் ஆண்டிலும், பறைக் கலைஞர் மதுரை வேலு ஆசானுக்கு 2025ஆம் ஆண்டிலும் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. தீட்டு என்று ஊருக்கு வெளியே நிறுத்தப்பட்ட கருவிக்கு அரசின் அங்கீகாரமும் வந்தாயிற்று. ஆயினும் நம் ஆய்வுலகம் போதிய அளவு கேட்காத கேள்வி ஒன்று எஞ்சியிருக்கிறது. இந்த இளைஞர்கள் யாரோடு நின்று அடிக்கிறார்கள்? தம் வயதொத்தவர்களோடு மட்டுமா, எல்லா வயதினரும் கலந்து நிற்கும் வரிசையிலா?

இது ஏதோ அமைப்புச் சிக்கல் என்று தோன்றலாம். பறையின் வரலாறு எவ்வடிவில் அடுத்த தலைமுறைக்குச் செல்லப்போகிறது என்பதே இக்கேள்வியின் உட்பொருள் என்று கருதுகிறேன். பங்காருபேட்டையையும் அதனை அடுத்த கோலார் தங்கவயலையும் முன்வைத்து இதனை விளக்க முயல்கிறேன். இவ்விடத்தைத் தேர்ந்தமைக்குக் காரணம் உண்டு. பறையை அடித்தவர்களின் வரலாறும், அடிக்க மறுத்தவர்களின் வரலாறும் ஒரே மண்ணில் படிந்திருக்கும் இடம் இது.

பிரிட்டிஷ் ஆணையர் லெவின் பௌரிங்கின் பெயரால் பௌரிங்பேட்டை என்று முன்னர் வழங்கிய ஊர்தான் இன்றைய பங்காருபேட்டை. இங்கிருந்து தங்கவயலுக்கு 1894இல் கிளை இருப்புப்பாதை போடப்பட்டது. 1880 முதல் ஜான் டெய்லர் நிறுவனத்தார் நடத்திய சுரங்கங்களுக்கு வட ஆற்காடு, சேலம் முதலிய பகுதிகளிலிருந்து பெருந்திரளாக வந்தவர்கள் தமிழ் பேசும் ஒடுக்கப்பட்ட மக்கள். ஊர்ச் சாவுக்கும் ஊர்த் திருவிழாவுக்கும் பறையடித்தே ஆகவேண்டும் என்னும் கட்டாயத்தில் இருந்த குடும்பங்களும் அவர்களுள் இருந்தன. தமிழில் பறை, கன்னடத்தில் தமட்டெ, தெலுங்கில் டப்பு என்று மூன்று மொழிகளிலும் ஏறத்தாழ ஒரே வடிவம் கொண்ட இத்தோற்கருவி, மும்மொழியும் புழங்கும் இவ்வட்டாரத்தில் எவருக்கும் அந்நியமானதன்று.

கூலி வேலை ஊராரின் கட்டளையிலிருந்து அவர்களுக்கு ஒரு விலகலைத் தந்தது. சுரங்கத்தின் ஆழம் 3 கிலோமீட்டரையும் கடந்தது, உயிருக்கு உத்தரவாதமில்லை, கங்காணிகளின் பிடியும் இருந்தது. இருந்தும், மாதக் கூலி பெறுபவரை ‘வந்து அடி’ என்று எந்த மணியக்காரரும் அழைக்க முடியாது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அயோத்திதாசப் பண்டிதரின் சாக்கிய பௌத்தச் சங்கம் மாரிகுப்பத்தில் கிளை கொண்டது. பண்டிதரின் நூல்களைத் தங்கவயலின் சித்தார்த்த புத்தகசாலை மீண்டும் மீண்டும் பதிப்பித்தது. 1926 முதல் ‘தமிழன்’ இதழை கோ. அப்பாதுரையார் இங்கிருந்து நடத்தினார். இழிவு என்று சுமத்தப்பட்ட பெயரையும் தொழிலையும் உதறுவது அந்த அறிவியக்கத்தின் உயிர்நாடியாக இருந்தது. 1930இல் கைரேகைப் பதிவைத் திணித்தபோது வேலைநிறுத்தம் செய்து எதிர்த்தவர்களும் இதே மக்கள்தாம். மறுப்பது எப்படி என்பதை நன்கு அறிந்த சமூகம் இது. ஆகவே தங்கவயலில் ஒரு பெரியவர் தம் பேரனிடம் ‘அதைத் தொடாதே’ என்று சொன்னால் அதைப் பிற்போக்கு என்று தள்ளிவிட இயலாது. அந்தச் சொல்லுக்குள் ஒரு நூற்றாண்டின் விடுதலைப் போராட்டம் இருக்கிறது.

மறுபுறம், அம்பேத்கர் நூற்றாண்டை ஒட்டிய ஆண்டுகளில் வேறொரு குரல் எழுந்தது. இழிவு கருவியில் இல்லை, கட்டாயத்தில்தான் இருக்கிறது. கட்டாயத்தை ஒழித்துவிட்டுக் கருவியை நம்முடையதாக்குவோம் என்றது அக்குரல். மதுரையில் தலித் ஆதார மையம் நடத்திய கலைவிழாக்கள், திண்டுக்கல்லில் இளம்பெண்களைக் கொண்டு 1990இல் தொடங்கிய சக்தி கலைக்குழு ஆகியவை அதன் முகங்கள். கர்நாடகத்தில் தலித் சங்கர்ஷ சமிதியின் ஊர்வலங்களில் தமட்டை போராட்டத்தின் ஒலியாயிற்று. கோலாரை அடுத்த தேரஹள்ளி மலையில் கோட்டிகானஹள்ளி ராமையா முதலியோர் உருவாக்கிய ‘ஆதிமா’ பண்பாட்டு மையமும் ஒடுக்கப்பட்டோர் கலைகளுக்கு ஒரு களம் அமைத்தது.

மறுத்தல், மீட்டல் என்னும் இவ்விரண்டையும் ஒன்றையொன்று வென்ற கட்டங்களாக நாம் எழுதிவருகிறோம். மறுப்பு முதற்கட்டமாம், மீட்பு முதிர்ந்த கட்டமாம். இவ்வரிசைப்படுத்தல் தவறு என்பது என் வாதம். மறுக்கும் உரிமை இல்லாத இடத்தில் மீட்பு என்பதற்குப் பொருளில்லை. மறுத்தவரையும் கட்டாயத்துக்கு ஆட்பட்டவரையும் அறியாமல் பறையைக் கையிலெடுக்கும் இளைஞர் ஓர் இசைக்கருவியை மட்டுமே பெறுகிறார். அது குற்றமன்று, ஆனால் போதாது.

எல்லா வயதினரும் நிற்கும் வரிசையின் தேவை இங்குதான் வருகிறது. ஒரு பறைக்குழுவில் கற்றல் எவ்வாறு நிகழ்கிறது என்பதைப் பாருங்கள். ஏட்டில் எழுதிய இசைக்குறிப்பு பெரும்பாலும் இல்லை. வாத்தியார் வாயால் சொல்லும் சொற்கட்டை மாணவர் முதலில் வாயால் திருப்பிச் சொல்லி, பிறகு கைக்குக் கொண்டுவருகிறார். ஒரு கையில் மெல்லிய நீண்ட சிண்டுக்குச்சி, மறுகையில் தடித்த அடிகுச்சி. தோல் இளகியிருந்தால் நெருப்பு மூட்டிக் காய்ச்ச வேண்டும். எவ்வளவு நேரம், எவ்வளவு அருகில் என்பதைப் பல்லாண்டு காய்ச்சிய கை சொல்லித்தர வேண்டும். பேச்சு பிறக்கும் இடமும் அந்த நெருப்பைச் சுற்றித்தான். தம் தந்தை எந்த வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு அடித்தார், எந்த ஆண்டு ‘இனி வரமாட்டோம்’ என்றார் என்பதெல்லாம் வகுப்பறைப் பாடமாக வருவதில்லை. தோல் காயும் இடைவேளையில் வருகிறது. நடையும் அப்படியே. ஊர்வலத்தில் வரிசையின் வேகத்தை மூத்தவரின் கால் தீர்மானிக்கிறது. பதினைந்து வயதுக்காரர் தம் வேகத்தை அடக்கி அந்தக் காலுக்கு இசைகிறார். அடுத்த சந்தியில் ஆட்டம் விறுவிறுக்கும்போது மூத்தவர் அடியைத் தாங்கிப் பிடிக்க, இளையவர் ஆடுகிறார். ஒருவர் மற்றவரின் குறையை ஈடுசெய்யும் இவ்வொழுங்கு ஒரே வயதினர் குழுவில் அமைவது அரிது.

அமெரிக்காவின் அணிவகுப்பு முரசுக் குழுக்களின் வரலாறு இங்கு ஒப்புநோக்கத்தக்கது. முன்னாள் படைவீரர் சங்கங்களின் ஆதரவில் ஊர்தோறும் வளர்ந்த அக்குழுக்கள் பின்னர் இரு கிளைகளாயின. ‘டிரம் கோர் இன்டர்நேஷனல்’ என்னும் அமைப்பு தோன்றியபின் இளையோர் போட்டி பெரும்புகழ் பெற்றது. அதில் 22 வயதைத் தாண்டியவர்கள் வரிசையில் நிற்க இயலாது. மற்றொரு கிளையில் உச்ச வயது வரம்பே இல்லை. பள்ளி மாணவரும் ஓய்வுபெற்றவரும் அருகருகே முரசு கொட்டுவர். முதற்கிளையில் நுட்பம் வியப்பூட்டும் உயரத்தை எட்டியது என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் அங்கு ஒவ்வோர் இளைஞருக்கும் வெளியேறும் நாள் முன்கூட்டியே குறிக்கப்பட்டுவிடுகிறது. வயது வரம்பற்ற குழுவிலோ, ஓர் ஊரில் வாழ்வதைப்போல வாழ்நாள் முழுதும் இருக்கலாம். அமெரிக்கக் குழுவிற்குப் பறைக்குள்ள சாதி வரலாறு இல்லை. வயது வரம்பு ஒரு கலைக்கு என்ன செய்யும் என்பதற்கு மட்டுமே இவ்வொப்பீடு.

நம் பல்கலைக்கழகங்கள் முதற்கிளையையே பின்பற்றுகின்றன. பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான இளைஞர் விழாவில் 25 வயதுக்கு மேற்பட்டவர் பங்கேற்க முடியாது. ஆய்வு மாணவர் பலருக்கே அங்கு இடமில்லை. அறுபது வயது வாத்தியாருக்கு எங்கே இடம்? நாட்டுப்புறக் கலை என்று பெயர் சூட்டி மேடையேற்றுகிறோம். அக்கலையைக் காத்தவரைப் பயிற்சிக்கு அழைத்துவிட்டு, நிகழ்ச்சியன்று திரைக்குப் பின்னால் நிறுத்துகிறோம். நிமிடக் கணக்குக்கும் மதிப்பெண்ணுக்கும் ஏற்ப அடிகள் விரைவுபடுத்தப்படுகின்றன. மெதுவான சாவு அடி, அதனோடு வரும் துயரமும் கசப்பும், மேடைக்கு ஒவ்வாதவை என்று கழிந்துபோகின்றன.

தங்கவயலில் இந்த இழப்பு இன்னும் கூர்மையானது. 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கம் மூடப்பட்டது. அதன்பின், உழைக்கும் வயதினரில் கணிசமானோர் மாரிகுப்பத்திலிருந்து பங்காருபேட்டை வழியாகப் பெங்களூருக்கு நாள்தோறும் ரயிலில் சென்று திரும்புகிறார்கள். விடியுமுன் புறப்பட்டு இருட்டியபின் வீடு சேர்பவருக்கும், பகல் முழுதும் வீட்டிலிருக்கும் முதியவருக்கும், பள்ளியிலிருக்கும் பிள்ளைக்கும் பொதுப்பொழுது மிகக் குறைவு. முன்பு ஒரே சங்கொலிக்கு எழுந்து ஒரே லைன் வீடுகளில் வாழ்ந்தவர்களை இணைத்த கூட்டுவாழ்வு இன்றில்லை. மூன்று தலைமுறையும் ஒரே நேரத்தில் ஒரே செயலில் ஈடுபடும் வாய்ப்புகளுள் ஞாயிற்றுக்கிழமைப் பறைப் பயிற்சியும் ஒன்றாகலாம். பறையை நான் வலியுறுத்துவது கலைப் பாதுகாப்புக்காக மட்டுமன்று.

இரண்டு மறுப்புகளைப் பொருட்படுத்தியாக வேண்டும். முதலாவது பெற்றோருடையது. சாவு வீட்டுக் குழுக்களில் மதுவும் குறைந்த கூலியும் அவமதிப்பும் சேர்ந்தே வருகின்றன. அத்தகைய சூழலுக்கு எம் பிள்ளைகளை அனுப்பமாட்டோம் என்கிறார்கள். இந்த அச்சம் நியாயமானது. கூலிக்கு அழைக்கப்படும் நிகழ்வுகளுக்குச் சிறுவர்களை அழைத்துச் செல்லக்கூடாது என்பதும், மது அருந்தியவர் அன்று வரிசையில் நிற்கக்கூடாது என்பதும் குழுவின் விதிகளாக வேண்டும். இரண்டாவது பெண்களுடையது. மரபான குழு எல்லா வயதினரையும் சேர்த்ததே தவிர, எல்லாரையும் சேர்க்கவில்லை. அது ஆண்களின் வரிசை. சக்தி கலைக்குழு போன்றவை தனியே தொடங்க நேர்ந்தது அதனால்தான். எனவே பழைய வரிசையை அப்படியே மீட்டெடுப்பது என் கோரிக்கையன்று. அத்தகைய குழுக்களில் வளர்ந்து இன்று நடுவயதை எட்டிய பெண்கள் ஆசான்களாக முன்னால் நிற்கும் புதிய வரிசையே தேவை.

செய்யக்கூடியவை சில உள. பல்கலைக்கழகங்கள் கலைவிழாவில் தோற்கருவிக் குழுக்களுக்கேனும் வயது வரம்பைத் தளர்த்தி, கற்பித்தவரும் கற்றவரும் ஒன்றாக நிகழ்த்தும் பிரிவொன்றை ஏற்படுத்தலாம். மூத்த கலைஞருக்கு, பொன்னாடை போர்த்துவதோடு நில்லாமல், வருகைதரு ஆசிரியருக்குரிய ஊதியம் வழங்கலாம். களஆய்வுக்குச் செல்லும் நாம், அடிகளைப் பதிவுசெய்வதோடு, அடிப்பதை நிறுத்தியவர்களின் வாக்குமூலங்களையும் அதே அக்கறையோடு பதிவுசெய்யலாம். நம் ஆவணக் காப்பகங்களில் பறையின் ஒலி நிறையச் சேர்கிறது. பறை ஓய்ந்த கதை போதிய அளவு சேரவில்லை.

தங்கவயலின் பெரியவர் எவரேனும் வரிசையில் நிற்க மறுத்தால், அந்த மறுப்புக்கும் அங்கு இடம் இருக்க வேண்டும். குச்சியைத் தொடாமல் ஓரமாக அமர்ந்து, தாம் ஏன் நிறுத்தினோம் என்று அவர் சொல்லட்டும். அதைக் கேட்டபின்னும் ஒரு பதினைந்து வயதுப் பெண் பறையைத் தோளில் மாட்டிக்கொள்வாளானால், அதுவே அவளுடைய தேர்வு. கேட்டபின் வேண்டாம் என்று அவள் கீழே வைத்தாலும், அதுவும் அவளுடைய தேர்வே.