யாருடைய உடல்?

கொல்லிமலை என்றதும் புலவர்களுக்கு நினைவு வருவது கொல்லிப்பாவை. கண்டவர் மயங்கும் பெண் உருவம். சங்கப் பாட்டுக் காலத்திலிருந்து அவள் புகழ் மங்கவில்லை. இருக்கட்டும். அதே மலையில் பலாவும் மிளகும் சுமந்து கழுத்து இறுகிய பெண்ணின் உடலை வரைந்தவர் யார்?

தோழர்களே! உழைப்பவர் உடலை உள்ளபடி வரைந்த ஓவியர் ஒருவர் நம்மிடையே இருந்தார்; பெயர் சித்தபிரசாத். 1943-ல் வங்கத்தைப் பஞ்சம் சூறையாடியபோது, கட்சிப் பத்திரிகைக்காக மிட்னாபூர் மாவட்டத்தில் ஊர் ஊராகச் சென்றார். கண்டதைக் கறுப்பு மையில் தீட்டினார். துருத்திய விலா, குச்சியாய்ப் போன கைகால். நெல் விளைவித்த உடல்கள் அவை! நெல்லை யுத்தமும் பதுக்கல்காரனும் விழுங்க, மாண்டவர் சுமார் 30 லட்சம்.

படங்களை 'பசித்த வங்கம்' என்று பொருள்படும் பெயரில் புத்தகமாக்கினார். வெள்ளை அரசாங்கம் அதைப் பறித்து அழித்தது. வெறும் கோட்டுப் படங்களுக்கு ஏகாதிபத்தியம் அஞ்சியது! ஒரு பிரதியைக் குடும்பத்தார் காத்தனர். அவர் 1978-ல் மறைந்தார். 2011-ல் தில்லியில் ஓவிய வியாபாரக் கூடமொன்று அவர் படைப்புகளுக்கெனத் தனிக் கண்காட்சி நடத்தி, புத்தகத்தையும் மறுபடி அச்சிட்டது. நல்ல காரியம்தான். ஆனால் அங்கே ஏர் பிடித்த கை எத்தனை நுழைந்திருக்கும்?

அப்படங்கள் செம்மேட்டுக் கடைத்தெருவுக்கு வரட்டும். ஆலை வாசலுக்கு வரட்டும். நம்மில் பென்சில் பிடிக்கத் தெரிந்தவர்கள் பஞ்சுத் தூசியில் இருமும் நெஞ்சையும், நாற்று நட்டு நிமிராத முதுகையும் வரையட்டும். சங்க அலுவலகச் சுவர் காலியாகத்தான் இருக்கிறது.